ஆளுக்கொரு நேரத்தில் புறப்பட்டு ஒரு டிரையத்லான்

பொங்கல் லீவில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிரையத்லான் போட்டோம். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் இடையில் நிற்காமல் அடுத்தடுத்து. ஐந்து பேருக்குமே இதுதான் முதல் தடவை. அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா, அவருக்கு நாலு வயது இளையவரான சித்தப்பா, பெங்களூரில் ஜிம்முக்குப் போகிற தம்பி, சென்னையில் நீச்சல் வகுப்புக்குப் போகும் எட்டாம் வகுப்பு அண்ணன் மகள், அப்புறம் நான். ஊர் காரைக்குடிக்கு வடக்கே, கானாடுகாத்தான் பக்கம். சொந்த ஊரில் இப்படி ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று, கயிறு எவ்வளவு, கேன் எத்தனை என்பது வரை எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்தது ஒரு வாய்ச்சண்டையில். தீபாவளிச் சாப்பாட்டின்போது சித்தப்பா தன் கிணற்று நீச்சல் பெருமையை எடுத்துவிட, தம்பி "கிணத்துல கடப்பாரை மாதிரி குதிக்கிறதெல்லாம் நீச்சல் இல்ல சித்தப்பா" என்றான். "தினம் சைக்கிள் மிதிக்கிறவன் நான் ஒருத்தன்தான், நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று அப்பா நடுவில் புகுந்தார். ஹவாயில் 1978-ல் நடந்த முதல் அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லானும் இப்படித்தான் பிறந்தது. நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யார் உடம்பு உறுதி என்று பேச்சு முற்றி, அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று பந்தயங்களை ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அவர்களுக்கு 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். எங்களுக்கு அவ்வளவு தலையெழுத்து இல்லை.

தூரத்தை முடிவு செய்ய, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் கலந்த அணிகளுக்கு நடந்த டிரையத்லான் ரிலேதான் வழிகாட்டி. அதில் ஒவ்வொருவரும் 300 மீட்டர் நீந்தி, 6.8 கி.மீ. சைக்கிள் மிதித்து, 2 கி.மீ. ஓட வேண்டும். நாங்கள் சைக்கிளை மட்டும் 8 கி.மீ. ஆக்கினோம், ஏனென்றால் எங்கள் ஊர்ச் சாலையில் போய்த் திரும்ப நல்ல இடம் நாலாவது கிலோமீட்டரில்தான் இருக்கிறது. முதல் முறை செய்கிறவர்கள் 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. என்கிற ஸ்பிரிண்ட் அளவுக்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. அதுவும் வயசாளிகளும் பிள்ளைகளும் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

நீச்சலுக்கு இடம் பார்த்ததுதான் பெரிய வேலை. ஊருணி குடிதண்ணீருக்கானது, அதில் கால் நனைக்கக்கூடப் பேச்சில்லை. பாசனக் கிணற்றில் பயிற்சி எடுக்கலாம், போட்டி நடத்த முடியாது, நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். ஆக மிச்சம் கண்மாய், அதாவது பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதம் பிறக்கும்போது தண்ணீர் நன்றாகவே கிடக்கும். கண்மாய் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: கரையோரம் ஆழம் குறைவு, நடுவில் அதிகம் என்று நினைத்து இறங்காதீர்கள். கண்மாயில் கரையை ஒட்டித்தான் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப் போகத் தரை மேடேறும். ஆனால் உள்வாயில் சேறு, அதற்குள் வெட்டாமல் விட்ட சீமைக்கருவேல மொட்டைகள், அல்லிக்கொடி. நாங்கள் கரையின் கோடியில், பழைய படித்துறைக்குப் பக்கத்தில், மூங்கில் கழியை ஊன்றி ஊன்றிப் பார்த்து, மார்பளவு தண்ணீர் சீராகப் போகும் ஒரு பட்டையைப் பிடித்தோம். களைத்துப் போனவர் அப்படியே நிற்கலாம். மடை அங்கிருந்து தூரம், இருந்தாலும் அன்று மூடியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டோம். மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வலை கட்டியிருக்கும் இடத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் மட்டும் வராதீங்க, வலையும் போகும் காலும் மாட்டும்" என்றார். நைலான் வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

அளப்பதற்கு நைலான் கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. நனைந்த பிறகுதான் அளந்து முடிச்சுப் போட வேண்டும், நைலான் நனைந்தால் நீளம் கொஞ்சம் மாறும். 75 மீட்டருக்கு ஒரு பக்கம், போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினால் 300. இரண்டு முனையிலும் மிதவைக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேன். காலிக் கேன் காற்றில் இழுபடும், கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடினால் அடக்கமாக நிற்கும். கழுத்தில் சிவப்புத் துணி, அடியில் மணல் நிரப்பிய சாக்கு, இரண்டுக்கும் நடுவே ஆழத்தைவிட ஒரு முழம் கூடுதலான கயிறு. காவலுக்கு, காற்றடைத்த லாரி டியூப் இரண்டில் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர், இருவரும் எங்களைவிட நன்றாக நீந்துகிறவர்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் யாரும் கண்மாயில் போட்டி வைக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடமும் தூரமும் ஆயிற்று. அறுபத்தைந்து வயதுக்காரரையும் ஜிம் பையனையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் அது போட்டியாகுமா? தம்பி முடித்து, குளித்து, பணியாரம் சாப்பிட்டு, கை கழுவும்போது அப்பா இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருப்பார். வயதுப் பிரிவு வைக்கலாம் என்றால் இருப்பது ஐந்து பேர், ஐந்து பிரிவு, ஐந்து முதல் பரிசு. கேட்கவே சிரிப்பாக இருந்தது. அதனால் மெதுவாகப் போகிறவர் முதலில் புறப்பட வேண்டும், வேகமானவர் கடைசியில். கணக்குச் சரியாக இருந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவுக்கோட்டுக்கு வர வேண்டும். வீட்டு ஆட்களோடு போட்டி போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்குக்கு வெள்ளோட்டம் தேவை. ஒவ்வொருவரும் தனித்தனி நாளில் 100 மீட்டர் நீச்சல், 4 கி.மீ. சைக்கிள், 1 கி.மீ. ஓட்டம். அதைப் போட்டித் தூரத்துக்குப் பெருக்கி, ஓட்டத்துக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டினேன், சைக்கிளில் இருந்து இறங்கி ஓடும்போது கால் தன் வசத்தில் இருக்காது என்பதால். உடை, செருப்பு மாற்றும் நேரம் ஆளுக்கு இரண்டு நிமிடம், அப்பாவுக்கு மூன்று. வந்த கணக்கு: அப்பா 58 நிமிடம், சித்தப்பா 55, நான் 48, அண்ணன் மகள் 43, தம்பி 39. அப்படியென்றால் அப்பா புறப்பட்டு மூன்றாவது நிமிடம் சித்தப்பா, பத்தாவது நிமிடம் நான், பதினைந்தில் அண்ணன் மகள், பத்தொன்பதில் தம்பி.

சித்தப்பாவின் 55 எனக்கு அப்போதே உறுத்தியது. வெள்ளோட்ட ஓட்டத்தில் "முட்டி வலிக்குதும்மா" என்று பாதி தூரம் நடந்தார். அன்று சாயங்காலமே பஸ்ஸைப் பிடிக்க அவர் ஓடினதைத் தம்பி பார்த்திருக்கிறான். ஆனால் மூத்தவரிடம் "நடிக்கிறீங்க" என்று எப்படிச் சொல்வது. நேரம் பார்க்கும் பொறுப்பு வேறு சித்தியிடம் இருந்தது.

இனி சைக்கிள். அப்பா தன்னுடைய பழைய 28 அங்குல ராடு பிரேக் சைக்கிளில்தான் வருவேன் என்று பிடிவாதம். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் "டொக்" என்று ஒரு சத்தம். பெடலைத் தாங்கும் கட்டையை, அதாவது கிராங்கை, இரண்டு கையாலும் பிடித்து அசைத்தால் அச்சில் ஆட்டம் தெரிந்தது. கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தேய்ந்திருந்தது. அந்தப் பின் ஒரு பக்கம் சாய்வாகச் சீவின ஆப்பு. நட்டு அதை வெளியே வராமல் பிடிக்கத்தான், இறுக்குவது சுத்தியல். கழற்றும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, நட்டை ஓரிரு மரை மட்டும் தளர்த்தி அதன் மேலேயே ஓங்கி ஒரே அடி. முட்டு இல்லாமல் தட்டித் தட்டிப் பார்த்தால் பின் வளைந்து, அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். புதுப் பின் போடும்போது இடது, வலது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே பக்கமாக நுழைத்தால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒன்று முன்னே கோணிக்கொள்ளும். போட்டு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை அடித்து நட்டை முடுக்கினோம். டொக் போய்விட்டது.

அதோடு பின் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்து, கல்லாகிப்போன பிரேக் கட்டைகளை மாற்றி, சீட்டை உயர்த்தினோம். அப்பாவுக்குச் சீட்டில் உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்ற வேண்டும், வாழ்நாள் பழக்கம். குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நீண்டு நிற்கிற உயரம்தான் முட்டிக்கு நல்லது என்று சொல்லி ஒரு அங்குலம், அப்புறம் இன்னொரு அங்குலம் என்று ஏற்றினோம். முன்னால் 44 பல், பின்னால் 18, டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். ஒரு முழு மிதிக்கு 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தால் மணிக்கு 19 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கியர் இல்லாத வண்டியில் ஒரு வசதி, மிதியை எண்ணினாலே வேகம் தெரிந்துவிடும். தம்பி எடை குறையும் என்று கேரியர், ஸ்டாண்டு, டைனமோ எல்லாவற்றையும் கழற்றினான். எங்கள் பக்கத்துச் சமதளத்தில் எடை பெரிய விஷயமே இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து காற்றை வாங்கும் நெஞ்சுதான் வேகத்தைக் குறைக்கும். ஆனால் கழற்றிய பிறகு வண்டி பார்க்க ஜோராக இருந்தது, விட்டுவிட்டோம்.

பாதை தேர்ந்தெடுக்கும்போது கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை மேல் தம்பிக்கு ஒரு கண். அனுமதிக்கு அலைய வேண்டும் என்று கைவிட்டோம். திருச்சி நெடுஞ்சாலைப் பக்கமும் போகவில்லை. ஊருக்குப் பின்னால் போகும் சின்னத் தார்ச்சாலை. அதில் லாரி வராது, கருவேல முள் வரும். பயிற்சியில் என் டயரில் ஏறின முள்ளைக் குறடால் இழுத்தபோது கட்டைவிரல் நீளம் வந்தது. முள்ளை எடுத்ததும் புது டியூபை மாட்டாதீர்கள். டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், ஒடிந்த நுனி ஒன்று உள்ளேயே ஒளிந்திருக்கும்.

ஓட்டத்துக்கு ஊர்த் தெருவே போதும். செட்டிநாட்டு ஊர்களில் தெரு நூல் பிடித்தாற்போல நேர். பெரிய வீடுகள் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். ஒரு வரிசை வீடுகளையும் ஊருணிக் கரையையும் சுற்றி வந்தால் 500 மீட்டர், நாலு சுற்று. சின்னச் சுற்றில் போன் காட்டும் தூரத்தை நம்ப முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னது. ஆகவே சைக்கிள் ஸ்போக்கில் ரிப்பன் கட்டி, தள்ளிக்கொண்டே நடந்து 227 சுற்று எண்ணினோம். நடுவில் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க வேண்டும், நம் தெருவில் அதுதான் கஷ்டம்.

துணி விஷயம், குறிப்பாகப் பெண்களுக்கு: பருத்தி வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி சைக்கிள் சீட்டில் உரசும். முழுக்கை டீ ஷர்ட்டும் லெகிங்ஸும், இரண்டும் சட்டென்று காயும் துணியில் போட்டுக்கொண்டேன். உரசும் இடங்களில் தேங்காய் எண்ணெய் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது, வாசலின் நிற்கிறது. கரையில் புளியமரத்தடியில் ஆளுக்கொரு கூடை: துண்டு, செருப்பு அல்லது ஷூ, ஹெல்மெட். பனை ஓலைக் கொட்டானில் வைத்தால் அழகாக இருக்கும் என்றாள் அண்ணன் மகள். "ஈரத்துணியப் போட்டு என் கொட்டானைப் பாழாக்கவா" என்று அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செம்மண் ஈரக் காலில் அப்பிக்கொள்ளும், அதோடு ஷூ போட்டால் கொப்புளம் நிச்சயம், எனவே கால் கழுவ ஒரு வாளித் தண்ணீர். விதி ஒன்றே ஒன்று, பெரிய போட்டிகளிலும் உள்ளதுதான்: ஹெல்மெட் போட்டு வாரை மாட்டிய பிறகே சைக்கிளில் கை வைக்க வேண்டும்.

போட்டி அன்று அதிகாலைப் பனி கலைந்து கேன் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தோம். முதலில் அப்பா இறங்கினார். எந்த அவசரமும் இல்லாமல், குளிக்கப் போகிறவர் போலவே மூன்று முங்கு முங்கிவிட்டுத்தான் கிளம்பினார். சித்தி எதுவும் சொல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் நீச்சலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, போய் வந்தேன். பார்க்க வேண்டியது மற்றவர்கள் நீச்சல்தான். நீச்சல் குளத்தில் பழகினவர்களுக்கு அடியில் கறுப்புக் கோடு தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே போவார்கள். கண்மாய்த் தண்ணீரில் நீட்டின கையே தெரியாது. ஏழெட்டு கை போட்டதும் கண் மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குத் தலையைத் தூக்கிக் குறியைப் பார்க்க வேண்டும். கேன் அலையில் மறையும் என்பதால், அதற்கு நேர் பின்னால் கரையில் நிற்கும் ஒற்றைப் பனையை அண்ணன் மகள் குறியாக வைத்துக்கொண்டு கோடு கிழித்தாற்போலப் போனாள். தம்பி தலையைத் தூக்காமல் வேக வேகமாக அடித்து வலைப் பக்கம் போய்விட, டியூப் பையன் கத்தித் திருப்பினான். சித்தப்பாவின் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலே, கால் தாழ்ந்து இழுக்கும், வேகம் கிடையாது. ஆனால் பாதை தவறவே தவறாது. அவரவர் நீந்தின தூரத்தை அளந்தால் எங்களில் மிகக் குறைவாக நீந்தி 300 மீட்டரை முடித்தவர் அவராகத்தான் இருப்பார்.

சைக்கிளில் போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். இறங்குவதற்கு முன் கடைசி ஒன்றிரண்டு நிமிடம் லேசான கியரில் வேகமாக மிதித்து வந்தால் ஓட்டத்துக்குக் கால் சீக்கிரம் பழகும், அது எனக்கு நன்றாகவே உதவியது. அப்பாவுக்கு மாற்றக் கியர் கிடையாது. அவர் ஓட்டத்துக்கு வேறு முறை வைத்திருந்தார், ஒரு வீட்டு நீளம் ஓட்டம், அடுத்த வீட்டு நீளம் நடை. அந்த ஊரில் ஒரு வீட்டு நீளம் என்பது லேசான தூரம் இல்லை.

நான் தெருவுக்கு வந்தபோது அப்பா கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் இருந்தார். திண்ணையெல்லாம் ஆட்கள். "மக வருது, மக வருது, விட்டுராதீங்க" என்று அவரை விரட்டினார்கள், எனக்கு ஆதரவாக ஒரு குரல்கூட இல்லை. கடைசி மூலையில் எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்று வீட்டு முகப்புதான். அவர் நடக்க வேண்டிய வீட்டிலும் நடக்கவில்லை, ஓடியே முடித்தார். முடிவுக்கோட்டை எங்கள் வீட்டு முகப்புக்குள் வைக்கத்தான் முதலில் ஆசை. ஆனால் ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு ஓடிவந்தால் வழுக்கிக்கொண்டு போய்ப் பட்டாலைச் சுவரில்தான் நிற்போம் என்று வாசலோடு நிறுத்தினோம்.

முடிவு, அப்பா புறப்பட்ட நேரத்தில் இருந்து: அண்ணன் மகள் 57 நிமிடம் 20 நொடி, அப்பா 59, நான் 59:30, தம்பி சரியாக ஒரு மணி நேரம். நாலு பேரும் மூன்று நிமிடத்துக்குள். வெள்ளோட்டக் கணக்கு இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சித்தப்பா? 52-லேயே வந்து, துண்டைத் தோளில் போட்டு, வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் தட்டில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 55 நிமிடத்துக்காரர் 49-ல் முடித்திருக்கிறார். முட்டி எங்கே வலித்தது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் சித்தியைப் பார்த்தோம். "நான் பார்த்த நேரம் சரியா இருக்கு. அவர் சொன்ன நேரத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

பணியாரம் தீர்வதற்குள் அடுத்த வருஷத்து விதி தயாராகிவிட்டது. வெள்ளோட்டம் கிடையாது, இந்த வருஷம் போட்டியில் எடுத்த நேரம்தான் அடுத்த வருஷக் கணக்கு. புதிதாகச் சேருகிறவர் வெள்ளோட்டம் போடலாம், ஆனால் அதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக முடித்தால் இரண்டு நிமிடம் கூட்டப்படும். சித்தப்பா கை தூக்கி ஆதரித்தார். அடுத்த தடவை தன் பேரனையும் சேர்க்கப் போகிறாராம், அவனுக்கு வெள்ளோட்டப் பயிற்சி இவரே கொடுப்பாராம்.

கயிறும் கேனும் மணல் சாக்கும் அன்று மத்தியானமே எடுத்தாயிற்று. ஒன்றைக்கூடக் கண்மாயில் விட்டுவரவில்லை என்று குத்தகைக்காரர் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். அப்பாவின் சைக்கிளுக்குக் கேரியரைத் திரும்ப மாட்டியாகிவிட்டது, ரேஷன் அரிசி வாங்கப் போக வேண்டுமாம். சீட்டை மட்டும் இறக்கச் சொல்லவில்லை.